கரைக்குச் செல்லும் வழி யாருடையது? பொதுநீரும் தனியார் வேலியும்

கடற்கரை பொதுச்சொத்து. அதை ஒட்டிய நிலம் தனியார் விடுதிக்கு உரியது. அவ்வாறெனில் கடலுக்குச் செல்லும் வழி யாருடையது? இக்கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 2009இல் ஒரு கோவா வழக்கில் விடையளித்தது. கடலில்லாத கொங்கு மண்டலத்திற்கும் அவ்விடை தேவைப்படுகிறது. நொய்யல் ஆறும், சூலூர்ப் பெரியகுளம் உள்ளிட்ட அதன் குளங்களும் பொதுநீர்நிலைகளே. ஆயினும் ஓர் ஆற்றையோ குளத்தையோ அடையும் தடம் பல இடங்களில் பட்டா நிலங்களுக்கு நடுவே செல்கிறது. தடம் அடைபட்டால் உரிமை ஏட்டில் மட்டுமே எஞ்சும். அந்த இழப்பு முதலில் யாருக்கு நேர்கிறது என்பதையே இங்கு ஆராய்கிறோம்.

கோவா வழக்கு

கோவாவின் டோனா பவுலாவுக்கு அருகே வைங்கினிம் கடற்கரையில் ஃபொமெந்தோ நிறுவனத்தின் விடுதி உள்ளது. விடுதிக்காக அரசு நிலம் கையகப்படுத்தித் தந்தபோது, கடற்கரைக்கான பொதுவழியைப் பேண வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. பின்னர் விடுதியின் விரிவாக்கக் கட்டுமானம் அவ்வழியை மறித்தது. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வு 2000இல் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2009 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது.

தீர்ப்பின் அடித்தளம் 'பொது நம்பிக்கைக் கோட்பாடு'. கடல், ஆறு, காடு போன்றவற்றுக்கு அரசு உரிமையாளர் அல்ல. மக்களுக்காக அவற்றைக் காக்கும் அறங்காவலர். ஆகவே அவற்றைத் தனியார் நலனுக்கு விட்டுக்கொடுக்கும் அதிகாரம் அரசுக்கு இல்லை. இக்கோட்பாடு கடலோடு நிற்பதன்று. இமாச்சலப் பிரதேசத்தின் பியாஸ் ஆற்றங்கரையில் தனியார் விடுதி ஒன்றுக்கு அளிக்கப்பட்ட குத்தகையை 1996இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததும் இதன் அடிப்படையில்தான்.

பின்னர் நடந்ததையும் மறக்கலாகாது. 2009இலேயே கோவா அரசு நிலம் கையகப்படுத்தும் சட்டத்தைத் திருத்தி அக்கட்டுமானத்தைக் காத்தது. அத்திருத்தம் செல்லும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் கூறியது. கோட்பாடு நிலைத்தது, கட்டடமும் நிலைத்தது. நீதிமன்ற வெற்றி மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கடற்கரைக்கு உள்ள விதி

கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991இல் வெளிவந்தது. 2011இலும் 2019இலும் புதிய அறிவிக்கைகள் அதன் இடத்தைப் பெற்றன. இரு கடற்கரை விடுதிகளுக்கு இடையே குறைந்தது 20 மீட்டர் அகலத்தில் பொதுவழி விட வேண்டும் என்பது இவற்றின் விதி. தனியார் வேலி மக்கள் கடற்கரைக்குச் செல்வதைத் தடுக்கக் கூடாது என்பதும் நிபந்தனை. சென்னையிலிருந்து மாமல்லபுரம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் வரிசையாக எழுந்துள்ள விடுதிகளை மக்கள் கேள்வி கேட்க இவ்விதி துணையாகும்.

உள்நாட்டுக் குளங்களுக்கு இந்த 20 மீட்டர் விதி பொருந்தாது. அங்கு மக்கள் வேறு சட்டங்களை நாட வேண்டியுள்ளது.

'தனியார் உடைமை' என்னும் பழைய வாதம்

பொதுநீரை மறிக்கத் தனியுடைமையைக் காட்டுவது புதிய உத்தி அன்று. 1923இல் பம்பாய்ச் சட்டமன்றம் பொதுக்குளங்களை ஒடுக்கப்பட்டோருக்குத் திறந்துவிடும் தீர்மானத்தை ஏற்றது. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மக்களோடு சென்று மகாடு சவுதார் குளத்தில் நீர் அருந்தினார். பின்னர் சாதி இந்துக்கள் நீதிமன்றம் சென்று, குளம் தனியாருடையது என்று வாதிட்டு இடைக்காலத் தடை பெற்றனர். குளம் நகராட்சிக்குரியது என்று கீழ் நீதிமன்றங்கள் கண்டன. பிறரை விலக்கும் உரிமையைத் தரும் தொன்மையான வழக்கம் எதுவும் நிரூபிக்கப்படவில்லை என்று 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீர் அருந்தும் உரிமையை நிலைநாட்டப் பத்தாண்டுகள் தேவைப்பட்டன.

சென்னை மாகாணத்தில் 1924இல் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், பொதுச்சாலை, கிணறு, குளம் ஆகியவற்றில் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்குத் தடையில்லை என்று அறிவித்தது. சாலையையும் குளத்தையும் அவர் ஒன்றாகச் சேர்த்தது கவனிக்கத்தக்கது. வழியில்லாமல் நீர் இல்லை என்பதை அத்தலைமுறை அனுபவத்தில் அறிந்திருந்தது. அரசமைப்பின் 15(2) கூறும் கிணறு, குளம், படித்துறை, சாலை ஆகியவற்றை ஒரே மூச்சில் குறிப்பிடுகிறது.

இட்டேரியும் கம்பி வேலியும்

கொங்கு நாட்டில் தோட்டங்களுக்கு இடையே கிளுவை வேலிகளின் நடுவில் ஓடும் இட்டேரிகளே ஊரையும் நீரையும் இணைத்தன. தோட்டம் மனைப்பிரிவாகவோ விடுதியாகவோ ஆலையாகவோ மாறும்போது இட்டேரி கம்பி வேலிக்குள் மறைந்துபோகிறது. வேலியில் சாதியின் பெயர் எழுதப்பட்டிருப்பதில்லை. ஆனால் கரையோரத்தில் சொந்த நிலமுள்ளவர் தம் நிலத்தின் வழியே நீரை அடைகிறார். நிலமற்ற அருந்ததியர் குடியிருப்புக்கோ அந்தப் பொதுத்தடம் ஒன்றே வழி. அனைவருக்கும் பொதுவாகத் தோன்றும் வேலி, விளைவில் ஒரு சாதியினருக்கான தடையாகிறது.

தனியார் நிலத்தில் எழும் மதில் தனியார் விவகாரம் மட்டுமன்று என்பதைக் கோவை மாவட்டம் பெரும் விலை கொடுத்து அறிந்தது. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அதிகாலை மழையில் தனியார் வீட்டு மதில் தலித் குடியிருப்பின் மீது சரிந்து 17 உயிர்களைப் பறித்தது.

சட்டம் தரும் பிடிமானம்

குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் (1955), பிரிவு 4, தீண்டாமையின் பெயரால் ஆறு, குளம், படித்துறை, பொதுவழி ஆகியவற்றை மறுப்பதைக் குற்றமாக்குகிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியலினத்தவரானால், மாறாக நிரூபிக்கப்படும் வரை, அச்செயல் தீண்டாமையின் அடிப்படையில் நிகழ்ந்ததாகவே நீதிமன்றம் கொள்ள வேண்டும் என்கிறது பிரிவு 12.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் (1989) 2015ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த பிரிவு 3(1)(za), பொதுவளங்களையும் நீர்நிலைகளையும் வழிகளையும் பட்டியலினத்தவர் பயன்படுத்தவிடாமல் பிறர் தடுப்பதை, ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது.

இத்தகைய புகார்களுக்கு 'இது சிவில் தகராறு' என்னும் பதில் அடிக்கடி கிடைக்கிறது. 2020இல் உச்ச நீதிமன்றம் இதேஷ் வர்மா வழக்கில், சொத்துத் தகராறு என்பதாலேயே வன்கொடுமைக் குற்றம் ஆகிவிடாது என்று கூறியது உண்மை. ஆனால் அவ்வழக்கு இருவருக்கிடையிலான நில உரிமைத் தகராறும் இழிவுபடுத்தல் குற்றச்சாட்டும் பற்றியது. பொதுவழியை மறிப்பது தனிப் பிரிவின் கீழ் வரும் தனிக் குற்றம். ஆகவே, தடம் தனியாருடையதன்று என்பதை ஆவணத்தால் காட்டுவதே புகாரின் உயிர்நாடி.

செய்ய வேண்டியவை

முதலில், வட்டாட்சியர் அலுவலகத்தில் ஊர் வரைபடம், புலப்படம், 'அ' பதிவேடு ஆகியவற்றின் நகல்களைப் பெற வேண்டும். மறுக்கப்பட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கோரலாம். தடம் 'வண்டிப்பாதை' என்றோ புறம்போக்கு என்றோ பதிவாகியிருந்தால், ஆக்கிரமிப்பை அகற்றுவது அரசின் கடமை. ஊர்ப் பொதுநிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற உச்ச நீதிமன்றம் 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டுள்ளது.

தடம் பட்டா நிலத்தில் இருந்தால், உரிமையோடும் அமைதியாகவும் 20 ஆண்டுகள் தடையின்றிப் பயன்படுத்தியதை நிறுவி, 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின்படி உரிமை கோரலாம். அதற்கு முதியோரின் சாட்சியமும் பழைய ஆவணங்களும் துணையாகும்.

ஊராட்சிப் பகுதிகளில், தடத்தின் புல எண்ணைக் குறிப்பிட்டுக் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றுவது பயன் தரும். வன்கொடுமைப் புகாரைத் துணைக் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அலுவலரே விசாரிக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான விழிப்புணர்வு, கண்காணிப்புக் குழுவிலும் அதனை எழுப்பலாம்.

காலம் இங்கு முக்கியம். கம்பி வேலியை ஒரு நாளில் அகற்றலாம். அதன் பின்னால் கட்டடம் எழுந்துவிட்டால் தீர்ப்பு வந்த பிறகும் அதைக் காக்கச் சட்டம் திருத்தப்படலாம் என்பதைக் கோவா காட்டியது. எனவே முதல் கம்பம் நடப்படும்போதே புலப்படத்தைக் கையில் எடுக்க வேண்டும்.