வாடகைப் பிம்பங்கள்

2015 ஜனவரியில் சிங்டெல், சோனி பிக்சர்ஸ், வார்னர் பிரதர்ஸ் மூன்றும் கூடி, சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு ஹூக்கைத் தொடங்கின. சந்தா கட்டினால் கைபேசியில் படம். பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, இந்தியா என்று பரவிற்று. மறு ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் ஒரே நாளில் 130 நாடுகளுக்குமேல் நுழைந்தது.

கிளென்மார்கனில் தேங்கும் நீர் குழாய்வழி சிங்காரா மின்நிலையத்துக்கு இறங்குகிறது. நீரும் குழாயும் இருந்தால் மின்சாரம் என்பது இங்கே கணக்கு. ஹூக்கில் நீருக்குரியவர்களும் குழாய்க்குரியவனுமே பங்குதாரர்கள். அப்படியும் நிற்கவில்லை. ஏறிவரும் செலவுக்கு வருவாய் ஈடாகவில்லை என்று 2020 மார்ச் 27-ல் கலைப்புக்கு விண்ணப்பித்தது. இந்தியா ஊரடங்கில் அடைபட்ட அதே வாரம். ஏப்ரல் 30-ல் திரை அணைந்தது.

நிறுவனங்கள் சாவது புதிதல்ல. சி.சு. செல்லப்பாவின் 'எழுத்து'ம் 1959-ல் பிறந்து 1970-ல் நின்றது. ஆனால் அதன் பழைய பிரதி இன்றும் யாரோ ஒருவருடைய டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. இரவல் கேட்கலாம், சண்டை போடலாம். ஹூக்கின் சந்தாதாரர் கையில் மிஞ்சியது ரசீது மட்டுமே. கலையைப் பொருளாக வைத்திருந்தோம், அனுமதியாக மாற்றிக்கொண்டோம். அனுமதிக்கு வாரிசு கிடையாது.