குதிரைகளில் பாக்டீரியக் கருச்சிதைவு

பெட்டைக்குதிரையின் கருப்பையிலோ நஞ்சுக்கொடியிலோ பாக்டீரியா தொற்றி, காலம் நிறையுமுன் கரு விழும் நோய்நிலை. குதிரையின் சினைக்காலம் சுமார் 11 மாதம்.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஈ. கோலை முதலியவை பெரும்பாலும் கருப்பை வாய் வழியாக மேலேறி நஞ்சுக்கொடியை அழற்சியுறச் செய்கின்றன. ஈனும் நாளுக்கு வெகு முன்பே மடி பெருத்துப் பால் கசிவதும், பிறப்புறுப்பில் சீழ் தெரிவதும் எச்சரிக்கைகள். அப்போதே ஸ்கேன் பார்த்து மருந்து தொடங்கினால் குட்டி பிழைக்கும் வாய்ப்பு உண்டு. சால்மோனெல்லா அபார்டஸ்ஈக்வி இன்னும் கொடியது. தீவனம், தண்ணீர் வழியே பரவி ஒரே லாயத்தில் அடுத்தடுத்துக் கரு விழச் செய்யும். ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இந்நோயை ஆராய்ந்துவருகிறது.

நல்ல குட்டி கிடைக்காத கவலை தமிழகத்துக்குப் புதிதல்ல. திருவரங்கம் கோயிலின் சேஷராயர் மண்டபத் தூண்களில் பாயும் குதிரைகளைக் கண்டவர்கள் அவை இம்மண்ணில் பெருகியவை என்று எண்ணக்கூடும். ஆனால் தமிழகத்துப் போர்க்குதிரைகளில் பெரும்பகுதி கடல்வழி வாங்கப்பட்டவை. உயர்ந்த குதிரைகளை இணைத்தாலும் இங்கே நல்ல குட்டி பிறப்பதில்லை என்று 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த பயணி மார்க்கோ போலோ எழுதினார். காரணத்தை அறிய அன்று வழியில்லை. இன்று கரு விழுந்தால் காரணத்தைக் கண்டறிய ஆய்வகம் உண்டு.

குதிரை வளர்ப்போர் விழுந்த கருவை வெறுங்கையால் தொடக் கூடாது. கருச்சிதைவை உண்டாக்கும் இன்னொரு பாக்டீரியாவான லெப்டோஸ்பைரா மனிதரையும் தாக்கும். விழுந்த கருவைக் காவிரியிலோ வாய்க்காலிலோ வீசாமல், நஞ்சுக்கொடியுடன் பனிக்கட்டியில் வைத்து உடனே கால்நடை மருத்துவரிடம் சேர்ப்பியுங்கள்.