முடிக்குரிய காணியும் குடிகளின் உரிமையும்: கென்யாவின் நில வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஆபிரிக்காவில் ஐரோப்பியர் நிலம் கவர்ந்த வரலாற்றைப் படைபலத்தின் வரலாறாக மட்டும் நோக்குவது போதாது. நாட்டைக் கைப்பற்றியது துப்பாக்கியே. ஆயின், அந்நாட்டின் நிலத்தைப் பறித்து வேறொருவரின் உடைமையாக்கியது சட்டமாகும். கென்யாவின் அனுபவம் இதற்குத் தக்க சான்றாகும்.

1895ஆம் ஆண்டு பிரித்தானியர் கிழக்காபிரிக்காவில் தமது காப்பாட்சியை நிறுவினர். மறு ஆண்டு மொம்பாசாவிலிருந்து தொடங்கிய புகையிரதப் பாதை 1901இல் விக்டோரியா ஏரியை எட்டியது. பெருஞ்செலவில் அமைந்த அப்பாதைக்கு வருவாய் தேடுதல் அவசியமாயிற்று. ஐரோப்பியரைக் குடியேற்றி ஏற்றுமதிப் பயிர் விளைவித்தலே அதற்கு வழியெனக் கருதப்பட்டது. உயர்நிலப் பகுதிகளில் கிக்குயு மக்கள் பயிரிட்டனர். மசாய் மக்கள் மந்தை மேய்த்தனர். வளம் மீளும்பொருட்டு ஓய்வாக விடப்பட்ட கொல்லைகளும், பருவத்திற்கென விடப்பட்ட மேய்ச்சல் வெளிகளும் ஆட்சியாளருக்கு உரிமையாளரற்ற தரிசாகவே தோன்றின. 1902ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிக் கட்டளைச் சட்டம் குடியேறியோருக்கு 99 ஆண்டுக் குத்தகை வழங்க இடமளித்தது. பயிரிடப்படாத காணி முடிக்குரியதெனக் கொள்ளும் இக்கோட்பாடு இலங்கை வரலாறு பயில்வோருக்குப் புதிதன்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலும் அதுவே அடிப்படையாக அமைந்தது. கென்யாவில் 1915இன் சட்டம் குத்தகைக் காலத்தை 999 ஆண்டுகளாக நீட்டியதுடன், ஆபிரிக்கர் குடியிருந்த காணிகளையும் முடிக்குரியனவாக வரையறுத்தது.

ஒப்பந்தங்களும் பாதுகாப்பளிக்கவில்லை. 1904இல் மசாய் மக்கள் பிளவுப் பள்ளத்தாக்கை விட்டகன்று இரு ஒதுக்கப் பிரதேசங்களில் வாழ இணங்கினர். அவ்வினம் நிலைக்கும்வரை அவ்வேற்பாடும் நிலைக்குமென உறுதியளிக்கப்பட்டது. ஏழே ஆண்டுகளில், 1911இல், புதியதோர் ஒப்பந்தத்தின்மூலம் அவர்கள் வடபாலிருந்த லைகிப்பியாவிலிருந்தும் பெயர்க்கப்பட்டனர். இதனை எதிர்த்து அவர்கள் தொடுத்த வழக்கு 1913இல் தள்ளுபடியாயிற்று. அவ்வொப்பந்தங்கள் அரசுகளுக்கிடையிலான உடன்படிக்கைகள் எனவும், அவற்றை உள்நாட்டு நீதிமன்றம் விசாரிக்கவியலாது எனவும் கூறப்பட்டது. முறையீட்டை மறுப்பதற்காக மசாய் மக்கள் தனி அரசினராயினர். எட்டு ஆண்டுகளின் பின்னர், 1921இல், நைரோபி உயர்நீதிமன்றம் மற்றொரு வழக்கில், ஒதுக்கப் பிரதேசங்களில் ஆபிரிக்கருக்கிருந்த காணியுரிமை அற்றுப்போயிற்று எனவும், அவர்கள் முடியின் விருப்பமுள்ளவரை மட்டும் குடியிருப்போரே எனவும் தீர்ப்பளித்தது.

காணி இழப்பு உழைப்புச் சுரண்டலுக்கும் வழிவகுத்தது. குடிசை வரியைப் பணமாகச் செலுத்த வேண்டியவர்கள், முன்னர் தமதாயிருந்த நிலத்திலேயே கூலிகளாயினர். 1952இல் மவ் மவ் கிளர்ச்சி வெடித்தபோது அதன் அடிநாதமாக அமைந்தது காணிக் கோரிக்கையே. கிளர்ச்சி ஒடுக்கப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், 1954இன் சுவின்னட்டன் திட்டம் சிதறிய காணித் துண்டுகளை ஒன்றிணைத்துத் தனியாருக்கு உறுதி வழங்க முற்பட்டது. தடுப்பு முகாம்களில் அடைபட்டிருந்தோர் பலர் அப்பங்கீட்டில் தம் உரிமையை இழந்தனர்.

1963 டிசம்பர் 12ஆம் நாள் கென்யா சுதந்திரமடைந்தது. ஆனால், பறிக்கப்பட்ட காணி பறிகொடுத்தோருக்கு விலையின்றி மீளவில்லை. விற்க விரும்புவோரிடமிருந்து வாங்க விரும்புவோர் வாங்கலாம் என்பதே கொள்கையாயிற்று. குடியேற்றத் திட்டங்களில் காணி பெற்ற ஏழை உழவர் அதன் விலையைக் கடனாகச் சுமந்தனர்; செல்வமும் செல்வாக்கும் உடையோர் பெரும் பண்ணைகளுக்கு உரித்தாளராயினர்.

எழுதப்படாத உரிமை உரிமையன்று என்னும் கோட்பாடும் கொடியுடன் இறங்கிவிடவில்லை. மாவுக் காட்டில் தொன்றுதொட்டு வேட்டையாடியும் தேன் எடுத்தும் வாழ்ந்த ஒகியெக் மக்களை முப்பது நாட்களுக்குள் வெளியேறுமாறு 2009இல் சுதந்திர கென்யாவின் வனத்துறையே பணித்தது. 2017இல் ஆபிரிக்க மனித உரிமை நீதிமன்றம் அவர்களது நில உரிமை மீறப்பட்டதெனத் தீர்ப்பளித்தது. 2022இல் நட்டஈடும் கூட்டு உறுதியும் வழங்குமாறு கட்டளையிட்டது. அதன் பின்னரும், 2023 நவம்பரில், ஒகியெக் குடும்பங்கள் அக்காட்டிலிருந்து அகற்றப்பட்டன.

ஆட்சியாளர் மாறுதல் வேறு. ஆட்சியின் அடிப்படை மாறுதல் வேறு. நிலத்தை முதலில் அரசினதாகவும், பின்னரே மக்களினதாகவும் கருதும் சட்டநோக்கு நீடிக்கும்வரை, குடியேற்றவாதத்தின் ஒரு கூறு சுதந்திர நாட்டினுள்ளும் நீடிக்கும் என்பதே கென்யாவின் நில வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.