நினைவும் அதன் கடிவாளமும்

நினைவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் எழுத்தைத் துணைக்கு அழைக்கிறோம். ‘மனதில் பதிந்தது’ என்கிறோம். ‘நெஞ்சில் எழுதி வைத்தேன்’ என்கிறோம். நினைவு என்பது புதிதாக ஒன்றைச் சேர்ப்பது என்னும் எண்ணம் இச்சொற்களிலேயே இருக்கிறது. அறிவியலும் இதே எண்ணத்தோடுதான் புறப்பட்டது. அது வந்து சேர்ந்த இடம் வேறு.

1962-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் மெக்கானல் விசித்திரமான ஒரு முடிவை வெளியிட்டார். பயிற்சி பெற்ற தட்டைப்புழுக்களைத் துண்டாக்கிப் பயிற்சி பெறாதவற்றுக்கு இரையாக இட்டபோது, தின்ற புழுக்கள் விரைவில் கற்றுக்கொண்டன என்றார். நினைவு ஆர்.என்.ஏ. மூலக்கூறில் எழுதப்பட்டிருக்கலாம், அதை ஓர் உயிரிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. எலிகளிலும் சோதித்தார்கள். 1966-ல் 23 ஆய்வாளர்கள் ஒன்றுகூடி, எலிகளில் அவ்விளைவைத் தங்களால் காண இயலவில்லை என்று ‘சயன்ஸ்’ இதழில் எழுதினர். அந்தக் கனவு மெல்ல மங்கியது.

நினைவின் கதைக்குள் ஆர்.என்.ஏ. மீண்டும் நுழைவதற்கு வழிவகுத்ததும் ஒரு புழுவே. 1993-ல் விக்டர் ஆம்ப்ரோஸின் குழு, ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள உருளைப்புழுவின் வளர்ச்சியை ஆராய்ந்துகொண்டிருந்தது. அதன் லின்-4 மரபணு எந்தப் புரதத்தையும் ஆக்கவில்லை. சுமார் 22 எழுத்து நீளமுள்ள ஆர்.என்.ஏ. துணுக்கை மட்டுமே தந்தது. அத்துணுக்கு லின்-14 மரபணுவின் செய்தியில் சென்று ஒட்டிக்கொண்டு, புரதம் உருவாவதைத் தடுக்கிறது என்பது கேரி ரவ்குன் குழுவின் ஆய்வோடு சேர்த்துப் பார்த்தபோது விளங்கியது. இது புழுவுக்கே உரிய வினோதம் என்று பலரும் கடந்து சென்றனர். 2000-ல் லெட்-7 என்னும் மற்றொரு துணுக்கு மனிதர் உட்படப் பல விலங்குகளில் காணப்பட்ட பிறகே நிலைமை மாறியது. 2001-ல் இவற்றுக்கு ‘மைக்ரோ ஆர்.என்.ஏ.’ என்ற பெயர் அமைந்தது. ஆம்ப்ரோஸுக்கும் ரவ்குனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது 2024-ல்.

மூளைக்கு இத்தடை எதற்கு? ஒரு நரம்பணுவுக்கு ஆயிரக்கணக்கான இணைப்புகள் உண்டு. அனுபவத்துக்கேற்ப அவற்றில் சில வலுப்பெறுவதும் சில தளர்வதுமே கற்றலின் அடிப்படை. ஆனால் மரபணுக்களோ உட்கருவில், இணைப்புகளிலிருந்து வெகுதொலைவில் இருக்கின்றன. எனவே புரதத்துக்கான செய்திகள் முன்கூட்டியே கிளைகளுக்கு அனுப்பப்பட்டு, அங்கே வாய்மூடிக் காத்திருக்கின்றன. 2006-ல் கெர்ஹார்ட் ஷ்ராட், மைக்கேல் கிரீன்பெர்க் குழுவினர் எலியின் ஹிப்போகாம்பஸ் நரம்பணுக்களில் இந்தக் காவலை நேரில் கண்டனர். மிர்-134 என்னும் துணுக்கு, லிம்க்-1 புரதத்தின் செய்தியை அடக்கி வைத்திருந்தது. இணைப்பைத் தாங்கும் முட்களின் உட்சட்டகத்தைக் கட்டுப்படுத்தும் புரதம் அது. மிர்-134 மிகுந்தால் முட்கள் சிறுத்தன, பி.டி.என்.எஃப். என்னும் வளர்ச்சிப் பொருள் வந்தபோது தடை தளர்ந்தது.

2009-ல் பிரியா ராஜசேதுபதி, எரிக் கேண்டல் முதலியோர் கடல்முயலில் இதையொத்த ஒன்றைக் கண்டனர். கற்றலின்போது சுரக்கும் செரோடோனின், மிர்-124-இன் அளவைக் குறைக்கிறது. அதனால் நீடித்த நினைவுக்குத் தேவையான கிரெப் புரதம் மிகுகிறது. கடிவாளம் மிகவும் இறுகினால் என்ன ஆகும் என்பதை 2010-ல் லி-ஹுவேய் சாய் குழு காட்டியது. மூளையில் சர்ட்-1 செயலிழந்த சுண்டெலிகளில் மிர்-134 பெருகி, கற்றலும் நினைவும் குன்றின. அத்துணுக்கைக் குறைத்தபோது அவை தேறின.

இங்கே மெக்கானலை மறந்துவிடக் கூடாது. ஒரு மூலக்கூறை நினைவென்றே எண்ணிவிடும் ஆசை இன்றும் நம்மிடம் உண்டு. மைக்ரோ ஆர்.என்.ஏ. ஒவ்வொன்றும் பல செய்திகளைத் தொடுகிறது. ஒரே செய்தியைப் பல துணுக்குகள் அடக்குகின்றன. எந்த ஒரு துணுக்கிலும் நம் தாயின் முகம் எழுதப்பட்டிருக்கவில்லை. அந்த முகத்தைக் காக்கும் இணைப்புகள் எப்போது வளரலாம், எப்போது பொறுத்திருக்க வேண்டும் என்பதில் இத்துணுக்குகளுக்கும் பங்கு உண்டு. எல்லா இணைப்பும் எப்போதும் வளர்ந்துகொண்டிருந்தால் எதுவும் தனித்து நிற்காது. நினைவில் வைத்துக்கொள்ள, மூளை முதலில் பெரும்பாலானவற்றை வேண்டாம் என்று சொல்லியாக வேண்டியிருக்கிறது.