கோழிக்கூண்டும் முப்பது அங்குல லென்ஸும்

மனித முகத்தைப் படம் பிடிப்பதற்கென்றே தனியாக ஒரு லென்ஸ் வேண்டும் என்ற எண்ணம், புகைப்படக் கலை உலகறிய வெளிவந்த மறுவருஷமே காரியமாகிவிட்டது. 1839-இல் பாரிஸில் தாகேரின் முறை பிரகடனம் செய்யப்பட்டபோது அவருடைய காமிராவில் இருந்த ஷெவாலியே லென்ஸ், ஒளியை மிகவும் லோபித்தனமாகவே உள்ளே அனுமதித்தபடியால், அசையாமல் நிற்கும் மாளிகைகளையும் வீதிகளையும் பதிப்பதற்குப் போதுமானதாக இருந்ததே தவிர, கொதிக்கும் வெயிலில் நிமிஷக் கணக்கில் சிலைபோல் உட்கார வேண்டியிருந்த மனிதனுக்கு அது தண்டனையாகவே முடிந்தது. இந்தக் குறையை வியன்னா சர்வகலாசாலையின் கணித ஆசிரியரான யோசெப் பெட்ஸ்வாலிடம் எட்டிங்ஸ்ஹவுசன் என்ற பேராசிரியர் எடுத்துரைக்க, பெட்ஸ்வால் கண்ணாடியைத் தேய்த்துப் பார்த்துப் பரிசோதிக்கும் பழைய சம்பிரதாயத்தை விட்டு, பீரங்கிப் படையில் கணக்குப் போடுவதில் தேர்ந்த சிப்பாய்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஒளிக்கதிர் ஒவ்வொன்றின் போக்கையும் காகிதத்திலேயே கணித்து, 1840-இல் தமது லென்ஸை வகுத்தளித்தார். அது ஷெவாலியேயின் லென்ஸைப்போல் ஏறக்குறைய பதினாறு மடங்கு ஒளியை உட்கொண்டது. நடுவில் நல்ல தெளிவும், ஓரங்களில் மங்கலும் சுழற்சியும் அதன் சுபாவம். நடுவில் இருப்பது முகம் என்றால் அந்தக் குறையை யாரும் குறையாகக் கொள்ளப் போவதில்லை. பெட்ஸ்வாலுக்கும் அதைச் செய்து விற்ற ஃபோக்ட்லெண்டருக்கும் பின்னால் மூண்ட பண விவகாரம் நீண்ட கசப்பான கதை. அது இங்கே வேண்டாம்.

நமக்கு வேண்டியது, அந்த வமிசத்தில் வந்த பிரெஞ்சு லென்ஸ் ஒன்று இங்கிலாந்தில் ஒரு கோழிக்கூண்டுக்குள் புகுந்த வரலாறு. 1863 டிஸம்பரில் வைட் தீவின் ஃபிரெஷ்வாட்டர் கிராமத்தில், நாற்பத்தெட்டு வயதான ஜூலியா மார்கரெட் கமரன் என்ற சீமாட்டிக்கு, தனிமையில் பொழுது போகட்டும் என்று மகளும் மருமகனும் ஒரு காமிராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். கல்கத்தாவில் பிறந்தவர் அவர். கணவர் சார்ல்ஸ் ஹே கமரனோ, கோல்புரூக்குடன் சேர்த்து இலங்கைச் சரித்திரப் புத்தகங்களில் மாணவர்கள் இன்றும் நெட்டுருப்போடும் அதே கமரன். திம்புளைப் பகுதியில் காப்பித் தோட்டம் வைத்திருந்த குடும்பமாகையால், ஃபிரெஷ்வாட்டர் வீட்டுக்கும் அந்தப் பெயரையே சூட்டியிருந்தார்கள். நிலக்கரி போட்டுவைக்கும் கொட்டகை இருட்டறையாயிற்று. கண்ணாடி பதித்த கோழிக்கூண்டிலிருந்து கோழிகளை விடுதலை செய்து, அதையே ஸ்டூடியோவாக்கினார் அம்மையார். வீட்டு வேலைக்காரி மேரி ஹில்லியர் கன்னி மரியாளாக அமர்ந்ததும் அதே கூண்டில்தான், அடுத்த வீட்டுக்காரரான மகாகவி டென்னிஸன் வந்து உட்கார்ந்ததும் அங்கேதான்.

முதல் லென்ஸ் ஜாமின் என்பவர் செய்தது. பன்னிரண்டு அங்குலக் குவியத்தூரம் உடையது. தட்டு பதினொன்றுக்கு ஒன்பது அங்குலம். வீட்டில் படம் எடுப்பவர் யாராயிருந்தாலும் முதலில் செய்ய வேண்டிய கணக்கு ஒன்று இங்கே இருக்கிறது. ஒரு தலையை அதன் அசல் அளவில் பாதியாகத் தட்டில் விழச்செய்ய வேண்டுமானால், லென்ஸுக்கும் தலைக்கும் நடுவில் குவியத்தூரத்தின் மும்மடங்கு இடைவெளி வேண்டும். பன்னிரண்டு அங்குல லென்ஸுக்கு அது மூன்றடி. மூன்றடியில் முகத்துக்கு நேரே காமிராவை நீட்டினால் மூக்கு பெருத்து, காதுகள் பின்வாங்கி, எவ்வளவு அழகான முகமும் சற்றே கேலிச்சித்திரமாகும், உட்கார்ந்திருப்பவரும் கூசுவார். ஆகவே 1866 வாக்கில் அம்மையார் பதினைந்துக்குப் பன்னிரண்டு அங்குலத் தட்டேறும் பெரிய காமிராவையும், அதற்கென லண்டன் டால்மேயரின் முப்பது அங்குல லென்ஸையும் வாங்கியபோது, அவர் உண்மையில் வாங்கியது இடைவெளி. அதே அரையளவுத் தலைக்கு இப்போது ஏழரை அடி தள்ளி நிற்கலாம். ஆனால் லென்ஸுக்குப் பின்னால் காமிராவின் துருத்தியும் நாற்பத்தைந்து அங்குலம் நீண்டாக வேண்டும்; ஆக முகத்திலிருந்து தட்டுவரை பதினோரு அடிக்கு மேல், அதற்கும் பின்னால் கறுப்புத் துணிக்குள் தலைவிட்டு நிற்பவருக்கு ஓர் இடம். இன்று கூடத்தின் ஒரு மூலையில் திரை கட்டிக்கொண்டு, 50 மில்லிமீட்டரா, 85 மில்லிமீட்டரா என்று தயங்குபவருக்கும் லென்ஸ் விற்பவருக்கு முன்னால் அறையின் நீளமே பதில் சொல்லிவிடுகிறது.

விசேஷம் என்னவென்றால், ‘ராபிட் ரெக்டிலீனியர்’ என்ற இந்த டால்மேயர் லென்ஸ், முகத்துக்கென்று பிறந்த லென்ஸே அல்ல. சமச்சீரான இரு பாதிகளைக் கொண்டு, கட்டடங்களின் நேர்கோடு வளையாமல் காட்டுவதற்கென்று அமைந்தது. அதன் முழு வாயையும் திறந்து, குவியத்தூரத்தில் எட்டில் ஒரு பங்கு அகலத்தில் அம்மையார் உபயோகித்தபோது, அவ்வளவு நெருக்கத்தில் தெளிவாக விழும் ஆழம் ஓர் அங்குலத்தைச் சற்றே தாண்டும். கண்மணி தெளிந்தால் காது கரையும். ஈரக் கொல்லோடியன் தட்டோ நீலத்தையும் ஊதாவையும் தவிர மற்ற வெளிச்சத்தைப் பெரும்பாலும் மதிப்பதில்லை. திரையிட்டு அடக்கிய ஒருபக்க ஒளியில், சில நிமிஷங்கள்வரை உட்கார வேண்டியிருந்ததால், மூச்சின் அசைவும் படத்தில் சேர்ந்துகொண்டது.

அன்றைய தொழில்முறைப் படக்காரர்கள் இதைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தார்கள். பிரெஞ்சுப் படக்காரர் டிஸ்டேரி பிரசித்தப்படுத்திய சிறு அட்டைப் படங்களில், தூணும் திரையும் முழு உருவமும் துல்லியமாக விழுந்திருக்க வேண்டும் என்று பழகிய கண்களுக்கு, பிரம்மாண்டமாகவும் மங்கலாகவும் இருந்த இந்த முகங்கள் கைத்திறன் இல்லாதவளின் விபத்துகளாகவே பட்டன. பின்னால் வந்த சிலர் பழியை ஜாமின் லென்ஸின்மேல் போட்டு, கண் காணும் குவியம் வேறு, தட்டில் பதியும் குவியம் வேறு, பாவம் அம்மையாருக்கு அது தெரியவில்லை என்று சமாதானம் சொன்னார்கள். இந்தச் சமாதானம் எனக்குச் சம்மதமில்லை. முதலில் அது தற்செயலே என்று அவரே தமது ஞாபகக் குறிப்புகளில் ஒப்புக்கொள்கிறார். ஆயினும் குவியத்தைத் திருகிக்கொண்டு வருகையில் கண்ணுக்கு அழகாக ஒன்று தோன்றிய இடத்திலேயே நிறுத்திக்கொண்டதாகவும், அதற்குமேல் தெளிவைத் தேடித் திருகவில்லை என்றும் சேர்த்தே எழுதுகிறார். லென்ஸ்தான் குற்றவாளியென்றால், மேலான டால்மேயர் லென்ஸ் வந்த பிறகு படங்கள் கூர்மையடைந்திருக்க வேண்டுமே! வானவியலார் ஹெர்ஷல், எழுத்தாளர் கார்லைல் ஆகியோரை அவர் எடுத்த 1867-ஆம் வருஷத்து முகங்களைப் பார்த்தவர் அப்படிச் சொல்லத் துணியமாட்டார். லென்ஸ் மாறியது, நிறுத்திய இடம் மாறவில்லை. ஒரு தலைமுறை கழித்து அதே டால்மேயர் கம்பெனி, ஓவியர் பெர்கைமின் யோசனைப்படி, மங்கலுக்கென்றே வேண்டுமென்று பிழைகளை விட்டுவைத்த லென்ஸ் ஒன்றைச் செய்து விற்றது என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம்.

1875-இல் தம்பதிகள் இலங்கைக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே எடுத்தவற்றில் எஞ்சியவை சொற்பமே. களுத்துறைக் குடியானவர்களும், வீட்டு ஊழியர்களும், தோட்டக் கூலிகளும் அவற்றில் நிற்கிறார்கள். ஃபிரெஷ்வாட்டர் வேலைக்காரிகளின் பெயர்களெல்லாம் நமக்குத் தெரிந்திருக்க, இவர்களில் பெரும்பாலோர் ‘இளம் பெண்’, ‘குடியானவர் கூட்டம்’ என்ற அளவோடு நின்றுவிட்டார்கள் என்பதை நான் சாதாரண மறதியாகக் கொள்ளவில்லை. 1879-இல் அம்மையார் இலங்கை மலைநாட்டிலேயே காலமானார். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், செடிகொடிகளை வரைந்துகொண்டு உலகம் சுற்றிய மேரியன் நார்த் என்ற ஓவியப் பெண்மணி களுத்துறைக்கு வந்திறங்கியபோது, கமரன் அவரைச் சும்மா விடவில்லை. கம்பளிப் போர்வையைப் போர்த்தி, தலைமுடியை அவிழ்த்துப் பரப்பி, நடுப்பகல் வெயிலில், கூரிய தென்னங்கீற்றுகள் தலையை உறுத்த நிற்கவைத்து, இயற்கையாக இருக்கும்படியும் உத்தரவிட்டாராம். இத்தனை பாடுபட்டும் தட்டில் விழுந்தது சுவாரசியமற்ற சாதாரண மனுஷி ஒருத்திதான் என்று நார்த் பிற்பாடு சிரித்துக்கொண்டே எழுதிவைத்தார்.