வழக்கறிஞரின் பேனாவும் கட்சிக்காரரின் இரகசியமும்

இந்தியாவில் வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்ற கட்டுப்பாடு இங்கிலாந்து பாரிஸ்டர்களின் மரபோடு வந்து சேர்ந்தது. விதியாக எழுதப்படுவதற்கு முன்பே நீதிமன்றங்கள் அதைக் கறாராக நடைமுறைப்படுத்தின. பெயர், முகவரி, தொழில் விவரம் மட்டும் கொண்ட அஞ்சலட்டையை ஒரு பிளீடர் அனுப்பியதையே பம்பாய் உயர் நீதிமன்றம் 1929இல் முறையற்ற செயல் என்றது. செய்தித்தாளில் கையெழுத்திட்டுக் கட்டுரை எழுதுபவர், தம்மை நீதிமன்றங்களில் வழக்காடும் அட்வகேட் என்று குறிப்பிட்டுக்கொள்வது அப்பட்டமான ஒழுக்க மீறல் என்று 1934இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் கருதியது. சட்டம் பற்றிப் பொதுமக்களுக்கு எழுத நினைக்கும் வழக்கறிஞரின் சங்கடம் அன்றே தொடங்கிவிட்டது.

வழக்கறிஞர்கள் சட்டம், 1961இன் கீழ் இந்திய பார் கவுன்சில் வகுத்த 36ஆம் விதி இந்த மரபுக்கு எழுத்து வடிவம் தந்தது. சுற்றறிக்கை, விளம்பரம், தரகர் ஆகியவற்றோடு, தாம் நடத்தும் வழக்கு பற்றிப் பத்திரிகையில் கருத்து வரச் செய்வதையும் படம் வெளியிடச் செய்வதையும் அது தடுக்கிறது. பெயர்ப்பலகை அளவோடு இருக்க வேண்டும். எந்த வகை வழக்கில் தேர்ந்தவர் என்று அதில் எழுதக் கூடாது.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பம்பாய் மாஜிஸ்திரேட் நீதிமன்ற வாசலில் சில வழக்கறிஞர்கள் வருவோரை வளைத்து, கட்டணத்தைக் குறைத்து, ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு வழக்குப் பிடித்த கதை தபோல்கர் வழக்காக உச்ச நீதிமன்றம் வரை போனது. 1975இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, இந்தத் தொழில் வணிகம் அல்ல என்று அழுத்தமாகச் சொன்னது. அமெரிக்கா எதிர்த் திசையில் நடந்தது. அரிசோனாவில் இரு வழக்கறிஞர்கள் கட்டணத்தோடு நாளிதழில் விளம்பரம் தந்த வழக்கில், முழுத் தடை பேச்சுரிமைக்கு முரணானது என்று 1977இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இணையம் வந்த பிறகு இந்தியாவிலும் விதி சற்றே நெகிழ்ந்தது. 2008இல் செய்யப்பட்ட திருத்தம், பெயர், தொடர்பு விவரம், பதிவெண், கல்வித் தகுதி, தொழில் செய்யும் துறை ஆகியவற்றை இணையதளத்தில் வெளியிட அனுமதித்தது. பெயர்ப்பலகையில் எழுதக் கூடாத துறையை இணையதளத்தில் போடலாம் என்பது விசித்திரம்தான். அனுமதி அத்தோடு நின்றது. வழக்கறிஞர்களைப் பட்டியலிட்டு ஆள் பிடித்துத் தரும் இணைய நிறுவனங்களை எதிர்த்த வழக்கில், இப்படி வழக்குத் தேடுவோர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்க வழிசெய்யுமாறு 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இந்திய பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது.

விளம்பரம் பற்றி நடந்த வாதங்களோடு ஒப்பிட்டால், கட்சிக்காரரின் இரகசியம் பற்றிய பேச்சு குறைவு. ஆனால் எழுதும் வழக்கறிஞரால் கட்சிக்காரருக்கு நேரக்கூடிய பெரிய கேடு அங்கேதான் இருக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவு, தொழில்முறையில் கட்சிக்காரர் சொன்னதை அவர் வெளிப்படையாகச் சம்மதித்தாலன்றி வழக்கறிஞர் வெளியிடக் கூடாது என்றது. வழக்கு முடிந்த பிறகும் கடமை தொடரும். சட்டவிரோத நோக்கத்துக்காகச் சொன்னதற்கு இந்தக் காப்பு இல்லை. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தில் இதுவே 132ஆம் பிரிவு.

பெயரை மாற்றி எழுதினால் போதும் என்ற எண்ணம் எழுதுவோரிடையே உண்டு. சிறிய ஊரில், நிலத் தகராறோ விவாகரத்தோ, ஆண்டையும் தெருவையும் சொன்னாலே ஆள் தெரிந்துவிடும். அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 2018இல் தந்த கருத்துரை இன்னும் கடுமையானது: நீதிமன்ற ஆவணத்தில் யாரும் பார்க்கக்கூடிய தகவலாக இருந்தாலும், கட்சிக்காரரின் சம்மதமின்றி வழக்கறிஞர் அதைப் பொதுவெளியில் எழுதக் கூடாது. இந்தியப் பிரிவு கட்சிக்காரரிடமிருந்து வந்ததையும் அவருக்குச் சொன்ன ஆலோசனையையுமே முக்கியமாகக் காக்கிறது. அதற்கு வெளியே உள்ளதைப் பிற சட்டங்கள் பார்த்துக்கொள்கின்றன. பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானவரின் அடையாளத்தைச் சட்டம் அனுமதிக்காத வகையில் வெளியிடுபவர் யாராயினும், வழக்கறிஞர் உட்பட, இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு ஆளாகலாம்.