மதிலுக்கு வெளியே ஒரு மொழி

ருமேனியாவின் நடுப்பகுதியில், கார்ப்பேத்திய மலைத்தொடர் வளைந்து திரும்பும் மூலையில் அமைந்துள்ளது பிராஷோவ் நகரம். ஜெர்மானியர் இதனைக் குரோன்ஷ்டாட் என்பர். ஹங்கேரியர் பிராஷ்ஷோ என்பர். 1950 முதல் 1960 வரை ஸ்டாலின் பெயரையும் இவ்வூர் சுமக்க நேர்ந்தது. இத்தனை பெயர்கள் இருப்பதிலிருந்தே இதனை உரிமை கொண்டாடியவர் பலர் என்பது விளங்கும்.

1211இல் ஹங்கேரிய மன்னர் இரண்டாம் ஆண்ட்ரூ எல்லைக் காவலுக்கென ஜெர்மானியத் துறவு வீரர்களுக்கு இப்பகுதியை வழங்கினார். 1225இல் அவரே அவர்களை வெளியேற்றினார். ஆயினும் ஜெர்மானியக் குடிகள் தங்கிவிட்டனர். சாக்ஸானியர் எனப்பட்ட அவர்கள் வாணிகத்தால் செழித்து, வலுவான மதில் எழுப்பி வாழ்ந்தனர். 1689ஆம் ஆண்டுப் பெருந்தீயில் கரியேறியதால் பெயர் பெற்றதாகக் கூறப்படும் கருப்புத் தேவாலயம் அவர்கள் கட்டியதே. துருக்கியக் கம்பளங்கள் பல அதனுள் தொங்குகின்றன. வணிகர் அளித்த காணிக்கைகள் அவை. துருக்கியப் படைக்கு அஞ்சி மதிலை வலுப்படுத்திய ஊர், துருக்கியர் நெய்த கம்பளத்தால் தன் ஆலயத்தை அணிசெய்தது! வாணிகத்தின் போக்கு அத்தகையது.

ருமேனியரோ மதிலுக்கு வெளியே, ஷ்கேய் என்னும் புறநகரில் வாழ்ந்தனர். உள்ளே வீடு வாங்கும் உரிமை அவர்களுக்கு நெடுங்காலம் இல்லை. எனினும் அவர்தம் மொழியில் எழுதப்பட்டு, ஆண்டு அறிய இயலும் கடிதங்களுள் இன்று கிடைக்கும் மிகப் பழையது, மதிலுக்கு உள்ளே இருந்த சாக்ஸானிய நகரத் தலைவருக்கு வந்ததாகும். 1521இல் மலைக்குத் தெற்கே கிம்புலுங் என்னும் ஊரிலிருந்து நியாக்ஷு என்பவர், துருக்கியப் படையின் நடமாட்டம் குறித்து ஹான்ஸ் பெங்க்னருக்கு எச்சரிக்கை விடுத்தார். முகமன் உரை அக்கால அலுவல் மொழியாகிய ஸ்லாவோனியத்தில் உள்ளது. செய்தி தொடங்கியதும் எழுத்தாளர் தாய்மொழிக்கு மாறிவிடுகிறார். அரசாங்கக் கடிதங்களை மொழிபெயர்த்தே காலங்கழிக்கும் எனக்கு இதில் வியப்பில்லை: மரியாதைக்கு ஒரு மொழி, ஆபத்துக்கு வேறொரு மொழி!

பின்னர் அதே பெயர் தாங்கிய மற்றொரு நகரத் தலைவரின் ஆதரவில், கொரேஸி என்னும் அச்சாளர் 1561இல் நான்கு சுவிசேஷங்களையும் ருமேனிய மொழியில் அச்சிட்டு முடித்தார். சாக்ஸானியரின் நோக்கம் தம் சீர்திருத்தச் சமயத்தைப் பரப்புவதே. ருமேனியர் தம் பழைய வழிபாட்டைக் கைவிடவில்லை. நூல்களை மட்டும் ஏற்றுக்கொண்டனர். ஷ்கேயில் புனித நிக்கோலஸ் ஆலய வளாகத்திலுள்ள பழைய பள்ளிக்கூடம் இன்று காட்சிசாலையாகி, அக்கால அச்சு நூல்களைப் பேணி வருகிறது. பிராஷோவ் செல்வோர் சதுக்கத்தையும் தேவாலயத்தையும் கண்டு திரும்பிவிடாமல், அங்கும் சிறிது நடக்க வேண்டும்.

முதல் உலகப் போருக்குப் பின் நகரம் ருமேனியாவுடன் இணைந்தது. 1945 ஜனவரியில் சாக்ஸானியருள் பலர் சோவியத் நாட்டிற்குக் கட்டாய உழைப்புக்காக அனுப்பப்பட்டனர். பின்னர், குறிப்பாக 1989க்குப் பிறகு, பெரும்பாலோர் ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்தனர். எஞ்சிய சிலர் கருப்புத் தேவாலயத்தில் இன்றும் ஜெர்மன் மொழியில் வழிபடுகின்றனர். நியாக்ஷுவின் கடிதம் பிராஷோவ் ஆவணக் காப்பகத்திலேயே இருக்கிறது.